பெயர்ப்பலகை மருந்துச் சீட்டு அல்ல

செங்காந்தள் கிழங்கைத் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒருவரைப் போன வாரம் வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. "மூட்டு வலிக்குன்னு போர்டுல நீங்கதானே போட்டிருக்கீங்க சார்? அம்மாவுக்கு அரைச்சுப் பூசிட்டு, கொஞ்சம் உள்ளுக்கும் குடுக்கலாம்னு..." நாகர்கோவில் பக்கம் ஒரு மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மருந்துவாழ் மலைக் கதையோடு வளர்ந்த ஊர் நம்முடையது. அனுமன் கொண்டுபோன மலையில் இருந்து விழுந்த துண்டில் முளைக்கும் எதுவும் நல்லதைத்தான் செய்யும் என்று ஒரு நம்பிக்கை. "மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது." ஒன்றும் செய்யாத செடியை எதற்கு ஐயா மருந்தாக வைக்கப் போகிறார்கள்? செங்காந்தளில் கோல்சிசின் இருக்கிறது. கௌட் என்னும் மூட்டு நோய்க்கு அதையே டாக்டர்கள் அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தருகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் கிழங்கில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? தின்றவுடன் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, பேதி. அப்புறம் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் படுக்கும், உயிரும் போகலாம். பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டுவது உண்டு.

எட்டிக்கொட்டையும் சேங்கொட்டையும் சித்த மருந்தில் சேர்பவைதான். சுத்தி செய்யாமல், அதாவது விஷத்தை முறிக்காமல், எந்த ஆசானும் அவற்றை மருந்தில் சேர்க்கமாட்டார். அந்தச் சுத்தி முறை, அளவு, பத்தியம் எதுவும் பலகையில் இருக்காது. செடியின் பெயர், குடும்பம், பொதுவாகச் சொல்லப்படும் பயன், அவ்வளவுதான்.

1848ல் தொடங்கிய ஊட்டித் தாவரவியல் பூங்காவோ, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாலோட்டில் 1979ல் வந்த ஜவாஹர்லால் நேரு தாவரவியல் பூங்காவோ, ஒரு செடி எங்கிருந்து எப்போது வந்தது என்ற பதிவோடு வளர்க்கிற இடங்கள் இவை. அந்தப் பதிவின் எண் பொறித்த தகடு போய்விட்டால் எங்களுக்கு அது ஏதோ ஒரு செடி. அந்தத் தகட்டையும் செல்ஃபிக்காகப் பிடுங்குகிறார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் தயவுசெய்து அவர்கள் கையைப் பாருங்கள், போனை அல்ல. குன்றிமணியை முழுசாக விழுங்கினால் ஓடு உடையாமல் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கடித்தாலோ, கோர்ப்பதற்குத் துளை போட்ட மணியாக இருந்தாலோ நிலைமை வேறு, உள்ளே இருக்கும் விஷம் உடம்பில் ஏறிவிடும். மஞ்சள் அரளிக் காயும், சின்ன மாங்காய் போலத் தொங்கும் ஒதளங்காயும் இதயத்தைத் தாக்கும் விஷம். மஞ்சள் அரளி உங்கள் வீட்டு வேலியிலேயே இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

தின்றுவிட்டால் புளிக்கரைசல், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாட்டு வைத்தியம் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். மிச்சமிருக்கும் இலை, காய், கிழங்கு எதுவானாலும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு 108ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோ போங்கள். "ஏதோ பச்சை இலை" என்று சொன்னால் டாக்டர் என்னதான் செய்வார்?

செடி வேண்டுமா, கேளுங்கள். துளசி, ஆடாதொடை, கற்பூரவல்லி நாற்று பெரும்பாலும் எங்கள் நர்சரியில் இருக்கும். செங்காந்தளும் எட்டியும் மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டோம்.