அச்சீவ்மென்ட்: சாதனையா, தேர்ச்சியா, அடைவா?

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது வரும் ‘அச்சீவ்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும், அது இடத்துக்கு இடம் வேறுபடுவதையும் தமிழில் எப்படி எழுதுவது? சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித்துறை அலுவலகங்கள் உள்ள கல்வி வளாகத்திலிருந்து (ஆசிரியர்கள் வாயில் இன்னும் டிபிஐ என்ற பழைய பெயர்தான்) வரும் சுற்றறிக்கைகளில் ‘கற்றல் அடைவு’, ‘அடைவுத் தேர்வு’ என்று வரும். இதையே ‘மாணவர் சாதனை’ என்று மொழிபெயர்த்துவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் வாசிப்பது சாதனையா? நடந்தே ஆக வேண்டிய காரியம் அது.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேரில் ‘தலைக்கு வருதல்’, அதாவது முடிவுக்கு வருதல் என்று பொருள். தமிழிலும் ‘தலைக்கட்டுதல்’ என்றால் நிறைவேற்றுதல். ஆனால் இன்றைக்கு ஊர்ப்பக்கம் தலைக்கட்டு என்றால் திருவிழா வரிக்கான குடும்பக் கணக்கு. அந்தச் சொல் உதவாது.

‘அடைவு’ என்பது ‘அடை’ என்ற வினையிலிருந்து பிறந்தது. பழைய உரைகளில் ‘அடைவே’ என்றால் முறையே, வரிசையாக. நூலின் பின்பக்கத்துச் ‘சொல்லடைவு’ அந்த வழியில் வந்ததே. யாழ்ப்பாணத்தில் நகையை ‘அடைவு வைப்பார்கள்’, அங்கே அது அடகு. ஆனாலும் பிள்ளைகளின் ‘அடைவு மட்டம்’ என்று அவர்களும் எழுதுகிறார்கள்.

‘தேர்ச்சி’ ஏன் பொருந்தாது? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் எல்லா மாவட்டமும் ஒன்றுதான். வகுப்பறைக்குள் போனால் கதை வேறு. தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். மூன்று நிலைப் பிள்ளைகளும் அடுத்த வகுப்புக்குப் போவார்கள். அடைவு மட்டும் வேறு வேறு.

2017இல் நடந்த தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8 வகுப்புகளின் நிலையை மாவட்டவாரியாகச் சொன்னது. சென்னையைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல்: தண்டையார்பேட்டையும் அடையாறும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்தும் ஏசர் (ASER) ஆய்வோ வீட்டுக்கே வந்து பிள்ளையிடம் வாசிப்பு அட்டையை நீட்டுகிறது. எழுத்து, சொல், பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்பு நிலைக் கதை. ஆனால் அது கிராமப்புற ஆய்வு. சென்னைக்கு அதில் இடமில்லை.

அடைவு இப்படி இடத்துக்கு இடம் வேறுபடுவதை ‘வட்டார ஏற்றத்தாழ்வு’ என்று எழுதினால் கல்வித்துறைக்காரர் ஊராட்சி ஒன்றிய அளவிலான பிரிவு என்றே எடுத்துக்கொள்வார். அவருக்கு வட்டாரம் என்றால் வட்டார வள மையம். ‘மண்டலம்’ என்றாலோ சென்னைக்காரருக்கு மாநகராட்சி மண்டலம். ‘மாவட்டங்களிடையே’ அல்லது ‘மாநிலங்களிடையே கற்றல் அடைவு ஏற்றத்தாழ்வு’ என்று எழுதிவிடலாம். நீளம்தான், குழப்பமில்லை. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமானால் ‘அடைவு இடைவெளி’. ‘கற்றல் இடைவெளி’ என்று மட்டும் வேண்டாம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்து இழப்புக்கு அது பெயராகிவிட்டது. 2021இல், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்ததே அந்த இடைவெளியை அடைக்கத்தான்.