தீ ஏன் டப்பாவுக்குள்ள திரும்பிப் போறதில்ல, எப்போ போகும்?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பத்தாவது படிக்குற மவன் எந்நேரமும் வீட்லயே ஃபிளேம்த்ரோவர், அதாவது தீயைப் பீச்சுற கருவி, செய்யுற வீடியோவா பாத்துட்டு இருக்கான், ஒருநாள் மொட்டைமாடியில சென்ட் ஸ்ப்ரேயும் லைட்டருமா நின்னவனை கையும் களவுமா பிடிச்சு நல்லா ஏசியாச்சு, ஆனா அவன் திருப்பிக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தெரியலயாம். "தீ திரும்பி டப்பாக்குள்ள போயி வெடிக்கும்னு சொல்லுதியளே அம்மா, அப்போ இதுவரைக்கும் ஏன் போகல?"

ரொம்ப நல்ல கேள்வி. ஏசினா மட்டும் இதுக்கு பதில் ஆகாது, ஏன்னா பய பாத்த வரைக்கும் அவன் சொல்றதுதான் சரி, தீ உள்ள போகல. ஏன் போகலன்னு புரிஞ்சாதான் எப்போ போகும்னும் புரியும், அதனால அதையே இன்னிக்கு எழுதுறேன்.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. ஒருகாலத்துல ஸ்ப்ரே டப்பாவை அழுத்தித் தள்ளுற வாயுவா இருந்தது சி.எஃப்.சி (குளோரோஃபுளோரோகார்பன்), அது தீப்பிடிக்காது. 1974-ல மொலினா, ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க அது ஓசோன் படலத்தை அரிக்கும்னு சொன்னாங்க, 1987-ல அதைக் கட்டுப்படுத்த உலக நாடுகளோட மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துது, சி.எஃப்.சி போச்சு. அதுக்குப் பதிலா இன்னிக்கு பெரும்பாலான டப்பாவுல இருக்குறது பியூட்டேன், புரோப்பேன், அதாவது நம்ம சமையல் கேஸ்தான். சென்ட் ஸ்ப்ரேன்னா கூட ஆல்கஹாலும் இருக்கும். ஓசோனைக் காப்பாத்தினது ரொம்ப சரி, ஆனா பிள்ளைகள் அலமாரியில இருக்குறது ஒரு குட்டி கேஸ் சிலிண்டர்ங்கிறதை வீட்ல யாரும் அப்படி நினைக்குறதில்ல.

இப்போ கேள்விக்கு வருவோம். தீ எரிய எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூணும் வேணும்னு எட்டாங்கிளாஸ்லயே படிச்சாச்சு. அளவும் சரியா இருக்கணும்கிறதைத்தான் விட்டுடுறோம். காத்துல சமையல் கேஸ் சுமார் 2 சதவீதத்துல இருந்து 9 சதவீதம் வரைக்கும் இருந்தாத்தான் பத்தும். அதுக்குக் கீழ இருந்தா பத்தாது, அதுக்கு மேல போனாலும் பத்தாது. கம்பெனியில இருந்து வர்ற டப்பாவுக்குள்ள காத்தே கிடையாது, முழுக்க எரிபொருள்தான், அதனால உள்ள தீ வாழ வழியில்ல. இது முதல் காரணம்.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு எப்பவும் ஆச்சரியம் குறையாத விஷயம். தீக்கு ஒரு நடை வேகம் உண்டு! கேஸும் காத்தும் சரியா கலந்து அசையாம நிக்குற இடத்துல ஒரு முனையில பத்தவச்சா, தீ ஒரே நொடியில எல்லா இடத்துக்கும் பாய்றதில்ல, கிட்டத்தட்ட நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்துல புதுக் கலவைக்குள்ள நகரும். ஒரு ஆள் பைய நடக்குறதை விடவும் குறைவு. ஏன் இவ்வளவு மெதுவா? எரியுற அந்த மெல்லிசான அடுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அதுக்குப் பின்னால 1900 டிகிரி சூடு, முன்னால நம்ம வீட்டு வெப்பநிலையில சும்மா கிடக்குற கேஸ். பின்னாடி உள்ள சூடு முன்னாடி உள்ள கேஸுக்கு பரவி, அதைச் சூடாக்கி, பத்துற நிலைக்குக் கொண்டுவந்து, அது எரிஞ்சு அடுத்ததைச் சூடாக்கி, இப்படி ஒவ்வொரு அடுக்கா தீ தனக்கான பாதையை தானே சமைச்சுட்டுத்தான் முன்னால போகுது. சூடு பரவுற வேகமும் வேதிவினை நடக்குற வேகமும் சேர்ந்துதான் தீயோட வேகத்தை முடிவு பண்ணுதுன்னு 1883-லயே மல்லார்ட், லெ ஷாட்லியேன்னு ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிங்க கணக்கு போட்டுக் காட்டினாங்க. ஹைட்ரஜன்ல சூடு வேகமா பரவும், வினையும் வேகமா நடக்கும், அதனால அதோட தீ நொடிக்கு 3 மீட்டர் வரைக்கும் போகும்.

ஸ்ப்ரே டப்பாவுல இருந்து வர்ற பீச்சு நொடிக்கு பல மீட்டர் வேகத்துல வெளிய பாயுது, தீயோ அதை எதிர்த்து நொடிக்கு 40 சென்டிமீட்டர்தான் நடக்க முடியும். கோதையாத்துல தண்ணி வரத்து கூடினப்போ எதிர்நீச்சல் போடுற சின்ன மீனை நினைச்சுக்கோங்க, அது முன்னேறாது, ஒழுக்கு தளர்ந்த இடத்துலதான் நிக்கும். தீயும் பீச்சோட வேகம் குறைஞ்சு, காத்தும் சரியான அளவுல கலந்த இடத்துல போய்த்தான் நிக்குது. டப்பாவோட மூக்குக்கு, அதாவது பீச்சு வெளிய வர்ற ஓட்டைக்கு, கொஞ்சம் தள்ளி தீ அந்தரத்துல தொங்குறது இதனாலதான். அதைப் பாக்க அழகா இருக்கும், நான் மறுக்கல. நம்ம ஊர் திருவிழா ஊர்வலத்துல சிங்காரி மேளத்துக்குப் பின்னால வாயில மண்ணெண்ணெய் வச்சு தீ ஊதுற அண்ணன்மாரை நானும் வாயைப் பிளந்து பாத்தவன்தான்.

அந்த அண்ணன்மார் விஷயத்துல இன்னொரு கணக்கும் இருக்கு. மண்ணெண்ணெயை ஒரு கிண்ணத்துல ஊத்தி தீக்குச்சி காட்டினா சட்டுனு பத்தாது, அதோட ஆவி பத்துற அளவுக்கு வர சுமார் 40 டிகிரி சூடு வேணும். ஆனா துளித்துளியா சிதறவிட்டா கதையே வேற. 1 லிட்டர் எண்ணெயை ஒரே உருண்டையா வச்சா அதோட மேல்பரப்பு 1 சதுர மீட்டர்ல இருபதுல ஒரு பங்குதான், அதையே பத்துல ஒரு மில்லிமீட்டர் அளவு துளிகளா உடைச்சா மேல்பரப்பு 60 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 650 சதுர அடி. அவ்வளவு பரப்புல ஒரே நேரத்துல ஆவியாகி எரியும். விரதம் இருந்தா தீ சுடாதுன்னு சொல்றவங்க உண்டு. நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனா அந்த அண்ணனை இதுவரைக்கும் காப்பாத்தினது ஊதுற வேகமும், மண்ணெண்ணெயோட குணமும், காத்து எந்தப் பக்கம்னு பாத்து நிக்குற பழக்கமும்தான். அதுலயும் ஒரு மடக்கு தவறி மூச்சுக்குழாய்ல இறங்கிட்டா நுரையீரல் வெந்து வீங்கும், தீ ஊதுறவங்களுக்கு வர்ற நிமோனியான்னு டாக்டர்மார் தனியாவே சொல்ற அளவுக்கு தெரிஞ்ச நோய் அது.

இனி, தீ எப்போ உள்ள போகும்? பீச்சோட வேகம் தீயோட வேகத்துக்குக் கீழ இறங்குற அந்தக் கணத்துல. அதாவது டப்பா தீரப்போகும்போது, மூக்குல அடைப்பு வரும்போது, அழுத்துன விரலை எடுக்கும்போது. கம்பெனி டப்பாவுல அப்பவும் உள்ள காத்து இல்லாததால பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். வீட்ல செஞ்ச ஃபிளேம்த்ரோவர்ல அந்தப் பாதுகாப்பு கிடையாது கேட்டியளா! பாட்டிலு, பைப்பு, பம்புன்னு எதை ஒட்டிச் செஞ்சாலும் அதுக்குள்ள காத்து இருக்கும், எரிபொருள் குறையக் குறைய காத்து கூடும், ஏதோ ஒரு நேரத்துல உள்ள இருக்குற கலவை சரியா பத்துற அளவுக்கு வந்து நிக்கும். தீ அப்போ உள்ள நுழைஞ்சா வெளியில நடந்த நடை உள்ள இருக்காது. எரிஞ்ச வாயு ஏழெட்டு மடங்கு விரியும், குழாய்க்குள்ள அது முன்னாடி உள்ள கலவையைத் தள்ளும், ஒழுக்கு கலங்கி தீயோட முகம் சுருங்கி மடிஞ்சு பரப்பு கூடும், பரப்பு கூடினா வேகம் கூடும், வேகம் கூடினா இன்னும் தள்ளும். 40 சென்டிமீட்டர்னு நான் மேல சொன்ன கணக்கு அங்க செல்லுபடியாகாது. கையில பிடிச்சிருக்குறது அப்போ வெடிகுண்டு.

பெட்ரோல் இன்னும் மோசம். மைனஸ் 40 டிகிரியிலயே பத்துற அளவுக்கு ஆவி விடுற சாமான் அது, நம்ம மாவட்டத்து சூட்டுல கேக்கவே வேண்டாம். ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், அதனால மேல போகாம தரையோட தவழ்ந்து முற்றத்துல, ஓடையில, படிக்கட்டுக்குக் கீழ தங்கும், பத்தவைக்குறவன் நினைக்காத இடத்துல இருந்து தீ அவன் காலுக்கு வரும். நிறைஞ்ச கேனை விட காலி கேன் ஆபத்துங்கிறதும் இதே கணக்குதான், நிறைஞ்சதுக்குள்ள ஆவி ரொம்பக் கூடுதல், காலியானதுலதான் காத்து சேர்ந்து அளவு சரியாகும். காலி டிரம்முல வெல்டிங் வச்சு ஆளுங்க செத்துப்போறது இதனாலதான். இதோட நம்ம ஊர் சூழலையும் சேத்துக்கோங்க, ரப்பர் தோட்டத்துல தை மாசி மாசம் காய்ஞ்ச சருகு முட்டளவு கிடக்கும், ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக் காத்து எந்த நொடி எவ்வளவு பலமா அடிக்கும்னு சொல்ல முடியாது, போட்டிருக்குறது பாலியஸ்டர் டீசர்ட், அது எரிய மட்டும் செய்யாது, உருகி தோல்ல ஒட்டும்.

2018-ல ஈலான் மஸ்க்கோட போரிங் கம்பெனி 500 டாலர் விலைக்கு 20,000 ஃபிளேம்த்ரோவர் வித்துது. அது உண்மையில புரோப்பேன் டார்ச்தான், எரிபொருளை திரவமா பீச்சுற ராணுவ ஆயுதம் இல்ல. பிள்ளைகள் பாக்குற வீடியோவுல இந்த வித்தியாசத்தை யாரும் சொல்றதில்ல, அந்தப் பீச்சு நின்னபிறகு தரையில என்ன எரிஞ்சுதுன்னும் காட்டுறதில்ல.

சுட்டுட்டா என்ன செய்யணும்னு இதோடயே சொல்லிடுறேன், ஏன்னா இந்த விஷயத்துலதான் எனக்கு தீராத கோவம். பேஸ்ட் பூசாதீங்க, இங்க் ஊத்தாதீங்க, தோசை மாவு, முட்டை, ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடுற சாதா தண்ணியில 20 நிமிஷம் பிடிங்க, மோதிரம், வளையலை வீங்குறதுக்கு முன்னாடி கழட்டுங்க, தோல்ல ஒட்டுன துணியை பிச்சு எடுக்காதீங்க, 108-ஐ கூப்பிடுங்க. இந்தியாவுல வருஷத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல ஓரளவாவது கடுமையான தீக்காயம் ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவ்வளவு பேர் வேகுற நாட்டுல தீக்காய வார்டுக்கும், அது பத்தின ஆராய்ச்சிக்கும் ஒதுக்குற பணம் போதாதுங்கிறது என் கருத்து.

பள்ளிக்கூட லேபுக்கும் அதேதான் சொல்வேன். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினா மகேந்திரகிரி, அங்க இஸ்ரோ ராக்கெட் என்ஜினை நிறுத்தி வச்சு எரிச்சுப் பாக்குது. எரிபொருளை எவ்வளவு பொடித் துளியா உடைக்கணும், தீ எங்க நிக்கணும், பின்னால போகாம எப்படித் தடுக்கணும்னு, அந்தப் பய கேட்ட அதே கேள்விகளைத்தான் அங்க சம்பளம் வாங்கிட்டு பெரியவங்க கேட்டுட்டு இருக்காங்க. சென்னை ஐஐடியில எரிதலுக்குன்னே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு. இந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்கு பத்தாவதுலயே வருதுன்னா அவனுக்கு காட்டவேண்டியது ஒழுங்கா கேஸ் வர்ற ஒரு பன்சன் பர்னர் (லேபுல வைக்குற கேஸ் அடுப்பு), பக்கத்துல நிக்க ஒரு வாத்தியார். லேப் பூட்டியே கிடந்தா அவன் மொட்டைமாடிக்குத்தான் போவான்.

அதுவரைக்கும் அடுக்களையிலயே பாக்கலாம், பெரியவங்க பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான். கேஸ் அடுப்போட ஒவ்வொரு சின்ன ஓட்டைக்கு மேலயும் ஒரு நீலக் கூம்பு நிக்கும், அதோட சரிவான பக்கம்தான் தீயோட முகம், பர்னருக்குள்ளயே காத்தோட கலந்து மேல வர்ற கேஸோட வேகமும் கீழ இறங்கப் பாக்குற தீயோட வேகமும் அங்க சமமாகுது. குமிழைப் பைய குறைச்சா கேஸோட வேகம் குறையும், கூம்பு குட்டையாகும். அப்பவும் தீ உள்ள போகாததுக்குக் காரணம் ஓட்டையோட அளவு, சுமார் 2 மில்லிமீட்டரை விட ஒடுங்கின வழியில உலோகம் சூட்டை உறிஞ்சிடும், தீ செத்துப்போகும். 1812-ல இங்கிலாந்துல ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடிச்சு 92 பேர் செத்தபிறகு, 1815-ல ஹம்ஃப்ரி டேவிங்கிற விஞ்ஞானி சுரங்கத்துக்குள்ள கொண்டுபோற விளக்கைச் சுத்தி கம்பி வலை போட்டது இதே கணக்குலதான். ஆனா வலை பழுக்கச் சூடானாலோ பலமா காத்தடிச்சாலோ தீ அதையும் தாண்டும், அதனால வலை போட்டா ஃபிளேம்த்ரோவர் பத்திரம்னு யாரும் கணக்கு போடவேண்டாம். அடுப்பு பர்னர் தேய்ஞ்சு ஓட்டை பெருசானாலும், சரியா உக்காரலன்னாலும், சிம்ல வைக்கும்போது 'டப்'னு ஒரு சத்தத்தோட தீ உள்ள இறங்கி அடியில எரியும். அப்படிக் கேட்டா உடனே குமிழை மூடிட்டு, ஆறவிட்டு, பர்னரைக் கழட்டி கழுவி ஒழுங்கா உக்கார வைங்க, மறுபடியும் சத்தம் வந்தா பர்னரை மாத்திடுங்க.