பதினாறு புளியங்கொட்டைக் கடல்

நாலு பிள்ளைகள், ஒரு தாம்பாளம், கொஞ்சம் புளியங்கொட்டை. கடல் ஏன் வற்றாமலேயே வறண்டுபோகிறது என்று காட்ட இது போதும்.

தாம்பாளம்தான் கடல், அதில் போடும் 16 கொட்டைகள் மீன்கள். ஒரு சுற்றில் ஒரு பிள்ளை அதிகபட்சம் மூன்று எடுக்கலாம். சுற்று முடிந்ததும் மிச்சமிருப்பதைப் பெரியவர் ஒருவர் இரட்டிப்பாக்குவார். ஆனால் 16-ஐத் தாண்டக் கூடாது. கடல் தாங்குவது அவ்வளவுதான். மொத்தம் பத்துச் சுற்று. முதல் ஆட்டத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பெரும்பாலும் என்ன நடக்கும்? ஆளுக்கு மூன்று. 12 போய் 4 மிஞ்சி, அது 8 ஆகும். அடுத்த சுற்றில் மூன்று, மூன்று, இரண்டு. கடைசிப் பிள்ளை வெறும் தாம்பாளத்தைப் பார்த்து "இது அழுகுணி ஆட்டம்!" என்று கத்தும். இரண்டே சுற்றில் கடல் காலி.

சரி, ஆளுக்கு இரண்டு எடுத்தால்? 8 மிஞ்சும், மறுபடி 16 ஆகும். பத்துச் சுற்றும் ஓடும், ஆளுக்கு 20 சேரும். அப்படியானால் ஒன்றே ஒன்று எடுப்பது இன்னும் நல்லதா? இல்லை. 12 மிஞ்சினால் நாலுதான் கூடும், அதற்கு மேல் இடமில்லை. 4 மிஞ்சினாலும் நாலுதான் கூடும், ஈனத் தாய் மீன்கள் குறைவு. நடுவில், 8 மிஞ்சும்போதுதான் எட்டுக் கூடுகிறது. இரையும் இடமும் ஒரு பக்கம், முட்டையிடும் மீன்கள் இன்னொரு பக்கம். இரண்டும் போதுமான அளவில் இருக்கும் இடத்தில்தான் பெருக்கம் அதிகம். நிஜ மீன்கள் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பெருகாது என்றாலும், மீன்வள அறிவியலின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

எனக்குப் பிடித்தது அடுத்த கணக்கு. மூன்று பேர் இரண்டிரண்டாக எடுக்க, ஒரு கெட்டிக்காரப் பிள்ளை மட்டும் மூன்று மூன்றாக எடுக்கட்டும். 7 மிஞ்சி 14, 5 மிஞ்சி 10, அப்புறம் 1 மிஞ்சி 2. நாலாவது சுற்றில் அந்த இரண்டையும் அதுவே வாரிக்கொண்டாலும் மொத்தம் 11. மற்றவர்களோடு ஒத்துப்போயிருந்தால் 20.

பொதுச் சொத்து இப்படித்தான் அழியும் என்று 1968-ல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் அதை முழுதாக ஏற்கவில்லை. பொதுவளத்தைத் தாங்களே விதி வகுத்துக் காத்த ஊர்களை அவர் தேடித்தேடி ஆராய்ந்தார். 2009-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆய்வுக்கூடத்தில் இதுபோன்ற ஆட்டங்களையும் நடத்திப் பார்த்தார். பேச அனுமதித்தாலே பலன் வெகுவாகக் கூடியது. அதனால் இரண்டாவது ஆட்டத்தில் பிள்ளைகளைப் பேச விடுங்கள். சண்டை வரும், வரட்டும்.

மூன்றாவது ஆட்டத்தில் தாம்பாளத்தைத் துணியால் மூடிவிடுங்கள். எத்தனை மிச்சம் என்று தெரியாமல் கையை விட்டு எடுக்க வேண்டும். நிஜக் கடல் இப்படித்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன்கள் உண்மையில் இருந்ததைவிட அதிகமாக மதிப்பிடப்பட்டிருந்தன. 1992-ல் அங்கே மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டிவந்தது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

கொட்டை நாலாகக் குறைந்து எட்டாகி நிற்கும்போது, "இந்தச் சுற்று யாருமே எடுக்க வேண்டாம்" என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லக்கூடும். சொன்னபடி செய்தால் 8 மறுபடி 16 ஆகிவிடும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பது அந்தச் சுற்றுக்காகத்தான்.