கையடைப்பு: ஹேண்ட்லோடிங்குக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

அமெரிக்காவிலும் கனடாவிலும் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு வில்லையான கேப்பைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தை எடைபார்த்துப் போட்டு, குண்டைச் செருகி, தாங்களே தோட்டா ஆக்கிக்கொள்கிறார்கள். இந்த வேலைக்கு ஹேண்ட்லோடிங் என்று பெயர். ரீலோடிங் என்பதும் இதையே குறிக்கும் என்றாலும், பழகியவர்கள் சிறு வேறுபாடு காட்டுவார்கள். செலவு மிச்சமாகட்டும் என்று பழைய கூட்டை மறுபடி நிரப்பினால் ரீலோடிங். கூடு புதிதோ பழையதோ, தன் துப்பாக்கி ஒன்றுக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்தால் ஹேண்ட்லோடிங்.

தமிழில் பேசத் தொடங்கினால் முதல் தடங்கல் தோட்டா என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘தோட்டா உடலைத் துளைத்தது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. துளைப்பது தோட்டா அல்ல, குண்டு. கூடு, கேப்பு, மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள்தான் தோட்டா. சுட்டதும் குண்டு பறந்துவிடும், கூடு துப்பாக்கியிலேயே தங்கும். வேறு எந்தப் பேச்சிலும் இந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஹேண்ட்லோடிங் பற்றிப் பேசும்போது முடியாது, ஏனென்றால் அந்த நான்கையும் தனித்தனியே வாங்கி, தனித்தனியே அளந்து சேர்ப்பதுதான் இங்கே வேலையே.

தோட்டா நமக்கு உருது, இந்தி வழக்கிலிருந்து வந்தது. அங்கே டோட்டா. தெலுங்கில் தூட்டா. கிணறு வெட்டும் இடத்திலும் கல்குவாரியிலும் பாறைக்குள் வைக்கும் வெடிக்கும் நம்மூரில் தோட்டா என்றே பெயர். மலையாளத்தில் ஆற்றில் மீன் பிடிக்கப் போடும் வெடியும் தோட்டாதான். ஆக, உருளையாகக் கட்டிய மருந்துப் பொதி என்பதே இந்தச் சொல் நம் பக்கம் சுமந்துவந்த பொருள். இந்திக்காரர்கள் சொல்லும் இன்னொரு சொல்லான கார்த்தூஸ், ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் கார்ட்ரிட்ஜும் அதே வேரில் முளைத்ததுதான்: இத்தாலியில் கார்ட்டோச்சோ என்றால் காகிதச் சுருள், அதற்கு மூலம் காகிதத்தைக் குறிக்கும் கார்ட்டா. ஒரு காலத்தில் தோட்டா உண்மையிலேயே காகிதப் பொட்டலமாக இருந்ததன் தடம் இது. 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க மறுத்தது இப்படிக் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைத்தான்.

சரி, லோடிங்குக்கு என்ன சொல்வது? நம்மிடம் பழைய வினை ஒன்று உண்டு: கெட்டித்தல். நாட்டுத் துப்பாக்கிக்கும் திருவிழா வெடிக்குழாய்க்கும் மருந்து கெட்டிப்பார்கள். அழகான சொல், ஆனாலும் இங்கே பொருந்தாது. கெட்டிப்பதில் இடித்து இறுக்கும் பொருள் இருக்கிறது. குழாயின் வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டுக் கம்பியால் குத்தும் வேலைக்கு அது சரி. இன்றைய புகையில்லா மருந்தைத் தராசில் நிறுத்துக் கூட்டுக்குள் கொட்டுவதோடு சரி, யாரும் இடிப்பதில்லை. புதிதாகக் கற்பவர் ‘கெட்டித்தல்’ என்று படித்துவிட்டு அப்படியே செய்தால் ஆபத்து. அதனால் ‘அடைத்தல்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஹேண்ட். கைமுறுக்கு, கைத்தறி, கைக்குத்தல் அரிசி என்று கையால் ஆனதைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதே போக்கில் ‘கைத்தோட்டா’ என்றால் சுருக்கமாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், கைத்துப்பாக்கி என்பது கையால் செய்த துப்பாக்கி அல்ல, கையில் அடங்கும் துப்பாக்கி. கைத்தோட்டா என்றதும் கைத்துப்பாக்கிக்கான தோட்டா என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வேலைக்குக் கையடைப்பு, அதில் உருவாவதற்குக் கையடைப்புத் தோட்டா, ரீலோடிங்குக்கு மறுஅடைப்பு. இப்படிப் பிரித்துக்கொண்டால் எந்த வாக்கியத்திலும் இடறாது.

லோடு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘இந்தத் துப்பாக்கிக்கு இதுதான் என் லோடு’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கூடு, எந்தக் கேப்பு, எந்த மருந்து எவ்வளவு, எந்தக் குண்டு என்ற மொத்தக் கணக்கையும் சொல்கிறார். இதற்கு நம் வைத்தியர்களின் ‘சேர்மானம்’ அப்படியே பொருந்துகிறது. மருந்து என்ற சொல்லே நோய்க்கும் வெடிக்கும் பொதுவாக இருக்கும்போது சேர்மானம் மட்டும் ஏன் இருக்கக்கூடாது? கேப்புக்கு நாட்டுச் சொல் வேண்டுமென்றால் தீபாவளிப் பொட்டுவெடியின் பொட்டு இருக்கிறது. தட்டினால் பொறி பறக்கும் சிறு வில்லை என்ற பொருள் குழந்தைக்கும் புரியும்.

இந்தப் பொட்டுதான் கையடைப்பு அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு முக்கியக் காரணம். பொட்டில் இரண்டு வகை. ஒன்று இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்தது, இன்னொன்று அமெரிக்கரான ஹைரம் பெர்டன் வடிவமைத்தது. காலப்போக்கில் அமெரிக்கா பாக்ஸர் வகையைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவில் பெர்டன் வகை பரவியது. பாக்ஸர் கூட்டின் அடியில் நட்ட நடுவே ஒரே துளை. உள்ளிருந்து ஓர் ஊசியால் தள்ளினால் செத்த பொட்டு கழன்று விழுந்துவிடும். பெர்டன் கூட்டில் நடுவே சிறு மேடும் அதன் பக்கத்தில் நுண்துளைகளும் இருப்பதால் ஊசி நுழைய வழியில்லை. இத்தனை சிறிய வேறுபாடுதான் வீட்டு மேசையில் அடைப்பதை எளிதாக்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கரான புரூஸ் ஹாட்ஜ்டன் அரசின் மிச்ச மருந்தை வாங்கி விற்கத் தொடங்க, பொழுதுபோக்கு இன்னும் பரவியது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வேட்டைக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு கதவு மூடத் தொடங்கியது. இந்த வேலைக்குத் தமிழில் சொல் பிறக்காததற்கு அதுவே போதுமான காரணம்.

கையடைப்பின் உயிர் பித்தளைக் கூட்டில் இருக்கிறது. சுடும்போது கூடு உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு புகை பின்னால் வராமல் தடுக்கும், அழுத்தம் குறைந்ததும் சற்றுச் சுருங்கிக் கழன்று வரும். அந்த ஒரு சூட்டிலேயே அது அந்த அறையின் வடிவத்தை வாங்கிவிடுகிறது. ஒரே மாடல் துப்பாக்கி இரண்டில் சுட்ட கூடுகள்கூட நுண்ணளவில் வேறுபடும். பலமுறை பயன்படுத்திய கூட்டை விரலால் உருட்டிப் பார்த்தால், அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியலாம். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு அதே இடத்தில் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்த சூட்டில் கூடு இரண்டாகப் பிளக்கலாம். அதைத் தூக்கி எறிவதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சொல் குறுக்கே வரும். ரைஃபிள் என்ற பெயர் குழலின் உட்புறம் வெட்டிய வரிகளால் வந்தது. பிரெஞ்சில் ரிஃப்லே என்றால் கீறுவது. அந்தக் கீறல்கள் சுருளாக ஓடுவதால் குண்டு சுழன்றுகொண்டே போகிறது, சுழல்வதால் தடுமாறாமல் போகிறது. தமிழில் சிலர் சொல்லும் புரிதுப்பாக்கியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் இருக்கும் அதே புரி. ஆங்கிலச் சொல் கீறலை மட்டும் காட்ட, நம் சொல் சுழலையும் சேர்த்துக் காட்டுகிறது.

கையடைப்பாளர் முதலில் கேட்க வேண்டியதும் இந்தப் புரியைத்தான்: எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று? நீண்ட, கனமான குண்டுக்கு நெருக்கமான புரி வேண்டும். 1955இல் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்களான வின்செஸ்டர் .243 என்றும் ரெமிங்டன் .244 என்றும் ஆளுக்கொரு தோட்டாவைக் கொண்டுவந்தன. குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றுதான். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது, ரெமிங்டன் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மான் வேட்டைக்கு 100 கிரெய்ன் எடையுள்ள கனமான குண்டு கேட்டவர்கள் வின்செஸ்டர் பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் பிறகு புரியை 9 அங்குலமாக நெருக்கி, 1963இல் அதே தோட்டாவை 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விற்றும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

கிரெய்ன் என்பது தானிய மணி. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். இதை மொழிபெயர்க்காமல் கிரெய்ன் என்றே எழுதுவதுதான் பாதுகாப்பு. ‘மணி’ என்றோ ‘ரவை’ என்றோ எழுதினால், மருந்துப் பருக்கைகளை எண்ணிப் போட வேண்டுமோ என்று ஒருவர் நினைத்துவிடலாம். ஈழத்தில் ரவை என்றால் தோட்டாவே என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். எந்தச் சேர்மானத்தையும் மருந்து தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்தே எடுத்து, அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதிலிருந்து ஏற வேண்டும். நண்பர் சொன்ன எண்ணை அப்படியே போடக்கூடாது.

அடைத்து முடித்த பெட்டியின்மேல் கூடு எத்தனையாவது முறை, பொட்டு, மருந்தின் பெயரும் கிரெய்னும், குண்டின் எடை, எந்தத் துப்பாக்கிக்கு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுவது இந்தப் பொழுதுபோக்கின் நல்ல பழக்கம். தமிழிலும் எழுதலாம், இப்போது சொற்கள் இருக்கின்றன. மருந்தின் பெயரையும் எண்ணையும் மட்டும் டப்பாவில் உள்ளபடியே எழுதுங்கள்.