ஹார்ட் டிஸ்க், வன்வட்டு, எஸ்.எஸ்.டி.: சொல்லும் பொருளும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறி "அண்ணே, ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "இன்டர்னலா, எக்ஸ்டர்னலா?" என்பார் கடைக்காரர். அடுத்து, "எஸ்.எஸ்.டி.யா, நார்மலா?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நம்மில் பலர் திணறுகிறோம். எஸ்.எஸ்.டி. வெறும் சிப்புகளால் ஆனது, அதற்குள் டிஸ்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் "லேப்டாப்ல எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க் மாத்திட்டேன்" என்றுதான் சொல்கிறோம். பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும்போது நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான், அதனால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் டிஸ்க். கிரேக்க விளையாட்டு வீரர்கள் எறிந்த வட்டமான தகட்டின் பெயர் டிஸ்கோஸ், அது லத்தீனில் டிஸ்கஸ் ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. நம் பள்ளி விளையாட்டு விழாவில் அதே பொருளை, அதே போட்டியை, 'வட்டு எறிதல்' என்கிறோம். ஆக டிஸ்க் என்பதற்கு வட்டு என்ற சொல்லைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, கைவசம் இருந்தது. அதுவும் மிகப் பழைய சொல்: கட்டம் வரையாமல் வட்டாடுவதைப் பற்றித் திருக்குறளின் 401ஆவது குறளே பேசுகிறது. அங்கே வட்டு என்பது ஆட்டக்காய். சின்னதாக, உருண்டையாக, கையில் எடுத்து வைக்கக்கூடியதாக இருப்பதெல்லாம் வட்டு. குறுவட்டு (சி.டி.), நெகிழ்வட்டு (ஃப்ளாப்பி) எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அடுத்தது 'ஹார்ட்'. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு கொடுத்த சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துகள், இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும். அதற்கு அப்போது ஹார்ட் என்ற அடைமொழி கிடையாது, வெறும் டிஸ்க்தான். 1971வாக்கில் வளையக்கூடிய ஃப்ளாப்பி டிஸ்க் வந்தது, வளையாத பழையதை இதிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிராய்லர் வந்த பிறகுதானே நம் ஊர்க் கோழி நாட்டுக்கோழி ஆனது, அதே கதைதான். அதனால் ஹார்ட் என்றால் இங்கே 'கடினமான' என்றுகூட இல்லை, 'வளையாத' என்று எடுத்துக்கொள்வதே சரி.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு. மூன்றையும் நான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன், இப்போது எனக்கு ஒரு முடிவு இருக்கிறது.

நிலைவட்டு தப்பான சொல் அல்ல. ஐ.பி.எம்.மே 'ஃபிக்ஸ்ட் டிஸ்க்' என்ற பெயரைப் பயன்படுத்தியது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டளைக்கு எஃப்டிஸ்க் என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஃப்ளாப்பியை வெளியே எடுக்கலாம், இதை எடுக்க முடியாது, நிலையாக உள்ளேயே இருக்கும் என்று பொருள். ஆனால் இப்போது அதையே பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் ரயிலில் போகிறோம், அதைப் போய் நிலை என்பது பொருந்தவில்லை. வன்தட்டு கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, மென்பொருள், வன்பொருள் என்ற ஜோடியோடும் ஒட்டிப்போகிறது. ஆனால் எனக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று புணர்ச்சி: வன் என்பதோடு தொண்டர் சேர்ந்தால் வன்றொண்டர் என்று வரும், அந்தக் கணக்கில் இது வன்றட்டு ஆக வேண்டும், அப்படி யாரும் சொல்லப் போவதில்லை. இன்னொன்று இதைவிட முக்கியம். அந்த உலோகப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தகடுகள் ஒன்றோ இரண்டோ மேலோ இருக்கும், ஆங்கிலத்தில் பிளாட்டர் என்கிறார்கள், அதற்குத்தான் 'தட்டு' என்ற சொல் கச்சிதம். அதை முழுப் பெட்டிக்கும் கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பதைச் சொல்ல வார்த்தை இல்லாமல் போகும். அதனால் என் ஓட்டு வன்வட்டுக்கே. வன்வட்டுக்குள் தட்டுகள் சுழல்கின்றன என்று எழுதும்போது எந்தக் குழப்பமும் வருவதில்லை.

சரி, டிரைவ்? உண்மையான தலைவலி இதுதான். டிரைவ் என்றால் ஓட்டுவது, செலுத்துவது. ஃப்ளாப்பி காலத்தில் வட்டு தனி, அதைச் சுழற்றிப் படிக்கும் கருவி தனி, அந்தக் கருவிக்குத்தான் டிரைவ் என்று பெயர். வன்வட்டில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் மூடப்பட்டுவிட்டன, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்புறம் சுழற்ற எதுவுமே இல்லாத, மோட்டாரே இல்லாத, வெறும் சிப்புகளால் ஆன ஒன்று வந்தபோதும் அதற்கு சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று பெயர் வைத்தார்கள், அதன் சுருக்கம்தான் எஸ்.எஸ்.டி. இதை 'திண்மநிலை இயக்கி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். எதையும் இயக்காத ஒன்றுக்கு அந்தப் பெயர் எதற்கு? அதோடு, பிரின்டரையும் கணினியையும் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் தமிழில் இயக்கி என்றுதான் பெயர், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் எங்கே போவார்? 'திண்மநிலைச் சேமிப்பகம்' என்பதே சரி. திண்மம் என்பது திடப்பொருளுக்கு நம் பாடப்புத்தகங்களில் உள்ள சொல்தான். வெற்றிடக் குழாயோ அசையும் பாகமோ இல்லாமல் திடப்பொருளுக்குள்ளேயே மின்னணு வேலை நடப்பதைத்தான் சாலிட் ஸ்டேட் என்கிறார்கள்.

சேமிப்பகம் என்று நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் 'மெமரி'. கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமையும் மெமரி என்கிறோம், போனில் படம் நிறைந்துவிட்டாலும் "மெமரி ஃபுல்" என்கிறோம். கணினி மெதுவாக இருக்கிறது, மெமரி ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு ரேமுக்குப் பதில் பெரிய வன்வட்டை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கரன்ட் போனால் மறப்பது நினைவகம், கரன்ட் போனாலும் வைத்திருப்பது சேமிப்பகம். இந்தப் பிரிவினை மட்டும் மனதில் இருந்தால் போதும். பழைய லேப்டாப் ஆன் ஆகவே இரண்டு நிமிடம் ஆகிறது, உள்ளே வன்வட்டுதான் இருக்கிறது என்றால் முதலில் மாற்ற வேண்டியது சேமிப்பகத்தை. வன்வட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றி, தேடும் இடம் தரவைப் படிக்கும் தலைக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அந்தக் காத்திருப்பே இல்லை.

இனி 'எம்.2'. இந்தச் சொல்லால் எனக்குப் பணம் போயிருக்கிறது. எம்.2 என்பது எஸ்.எஸ்.டி.யின் வடிவத்தின் பெயர் மட்டுமே, வேகத்தின் பெயர் அல்ல. அட்டையில் 2280 என்று இருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதே வடிவத்துக்குள் சாட்டா வகையும் வரும், என்.வி.எம்.இ. வகையும் வரும், இரண்டும் கணினியோடு தரவைப் பரிமாறிக்கொள்ளும் வெவ்வேறு முறைகள். சாட்டா நொடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், என்.வி.எம்.இ. பல ஆயிரம் எம்.பி. வரை போகும். நான் ஒரு கடையில் "எம்.2 கொடுங்க" என்று மட்டும் கேட்டேன், அவரும் என்ன லேப்டாப் என்று கேட்காமல் சாட்டாவை எடுத்துக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து மாட்டினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அதன் ஸ்லாட் என்.வி.எம்.இ. மட்டும் ஏற்பது. பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். ஸ்லாட்டில் செருகும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனாலும் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே காசு கொடுங்கள்.

கழற்றிய பழைய வன்வட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வட்டை உள்ளே போட்டு யு.எஸ்.பி.யில் இணைக்க என்க்ளோஷர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள், கத்திக்கும் தலையணைக்கும் நாம் சொல்லும் 'உறை' என்ற சொல் இதற்கு அருமையாகப் பொருந்தும். லேப்டாப்பில் இருந்த 2.5 அங்குல வட்டு யு.எஸ்.பி. ஒயரில் வரும் மின்சாரத்திலேயே ஓடிவிடும். மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டுக்குத் தனி அடாப்டர் உள்ள உறைதான் வாங்க வேண்டும், இதைக் கவனிக்காமல் வாங்கி வட்டு சுற்றவே இல்லையே என்று திகைப்பவர்கள் உண்டு.

ஒரு டி.பி. (டெராபைட், அதாவது 1000 ஜி.பி.) என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜி.பி. என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. தயாரிப்பாளர் 1000ஆல் பெருக்கிக் கணக்கு போடுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. எஸ்.எஸ்.டி. அட்டையில் டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் இருக்கும், ஆயுள் முழுக்க எவ்வளவு எழுதலாம் என்று தயாரிப்பாளர் உத்தரவாதம் தரும் அளவு அது. 600 டி.பி. என்று போட்டிருந்தால், தினம் 20 ஜி.பி. எழுதினாலும் 80 ஆண்டுக்கு மேல் வரும். வீட்டுக்கு வாங்குகிறவர் இந்த எண்ணை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வாரன்டி எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

ஆனால் எஸ்.எஸ்.டி.யில் குடும்பப் படங்களைப் போட்டு பீரோவில் பூட்டிவைப்பது தப்பு. சிப்புக்குள் தரவு மின்னூட்டமாக நிற்கிறது, மின்சாரம் இல்லாமல் நாள்பட்டால் அது கசியும். சிப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு எஸ்.எஸ்.டி.களுக்குச் சொல்வது, எழுதும் ஆயுளை முடித்த பின்பும் அணைத்துவைத்த நிலையில் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்று. புதியது இதைவிட அதிகம் தாங்கும்தான், ஆனால் சென்னை மே மாதத்தில் பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கப் போகிறது? பூட்டிவைக்க வன்வட்டே மேல், அதிலும் இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் மாமா வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. சி.பி.யு. தரையில்தான் இருந்தது. வன்வட்டின் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சின்னத் துளை உண்டு, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காய்ந்துவிட்டது என்று நினைத்து கரன்ட் கொடுத்துப் பார்த்தோம், அதைச் செய்திருக்கவே கூடாது, அத்தையின் கல்யாணப் படங்கள் அதோடு போயின. நனைந்த வட்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் அப்படியே தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோவதுதான் முறை.

கடைசியாக பென் டிரைவ். பேனா மாதிரி பாக்கெட்டில் வைக்கலாம் என்று நம் ஊரில் நிலைத்த பெயர் இது, ஆங்கிலத்தில் தம்ப் டிரைவ் என்றும் உண்டு, கட்டைவிரல் அளவு என்பதால். தமிழில் சிலர் 'விரலி' என்று எழுதுகிறார்கள். அளவை வைத்துப் பிறந்த பெயர், டிரைவ் என்ற பொய்யும் இதில் இல்லை, சொல்லவும் எளிது. கணினித் தமிழ்ச் சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வாங்கும்போது ஒன்று: நடைபாதையில் 300 ரூபாய்க்கு 2 டி.பி. விரலி என்று விற்றால் அது போலி. உள்ளே சில ஜி.பி. சிப்பை வைத்து, 2 டி.பி. என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். காப்பி ஆவது போலவே தெரியும், திறந்தால் கோப்பு வராது. புதிதாக வாங்கிய எந்த விரலியானாலும் ஒருமுறை முழுக்க நிரப்பி, கழற்றி மாட்டி, கடைசியில் போட்ட கோப்பும் முதலில் போட்டதும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அதில் முக்கியமானதை வையுங்கள்.