கொலையாளி யாரென்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள்

"அக்கா, பதினெட்டு ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பினேன். ஒருத்தர்கூட முழு நாவலைக் கேட்கவில்லை. என்னதான் தப்பு?"

போன மாதம் ஒரு தம்பி இப்படிக் கேட்டுத் தன் கதைச்சுருக்கத்தை அனுப்பினார். ஆங்கிலத்தில் எழுதிய முதல் துப்பறியும் நாவல். அதைப் பதிப்பகத்திடம் விற்றுத்தர ஒரு இலக்கிய ஏஜென்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றரைப் பக்கம் நன்றாகவே போனது. கடைசி வரியில் தப்பு இருந்தது: "கொலையாளி யார்? நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்."

பன்னிரண்டு வருடமாகக் கைப்பிரதி திருத்தும் வேலையில் இருக்கிறேன். மர்மக்கதை எழுதுபவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இதுதான். வாசகரிடம் மறைப்பது உங்கள் தொழில், சரி. ஆனால் ஏஜென்ட் உங்கள் சார்பில் புத்தகத்தை விற்கப்போகிறவர். தடயங்களை நியாயமாக வைத்திருக்கிறீர்களா, முடிச்சு ஒழுங்காக அவிழ்கிறதா, கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒருவனைக் கொண்டுவந்து குற்றவாளி ஆக்கிவிட்டீர்களா என்று பார்க்கத்தான் அவர் சுருக்கம் கேட்கிறார். அதில் கொலையாளி, காரணம், மாட்டிய விதம் மூன்றும் இருந்தாக வேண்டும்.

தமிழில் எழுதுபவர் பதிப்பாளருக்கு நேராகவே போன் செய்து பேசிவிடலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வரும் கைப்பிரதியைத்தான் பார்க்கின்றன. அதனால் முதல் வாசல் அவருக்கு எழுதும் கடிதம். ஒரு பக்கம், முந்நூறு சொல் போதும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "மனித மனத்தின் இருண்ட பக்கங்களை அலசும் விறுவிறுப்பான நாவல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எந்த நாவலுக்கும் பொருந்தும். கதையைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்: திண்டுக்கல்லில் மூன்று தலைமுறையாகப் பூட்டு செய்யும் குடும்பத்தின் கடைசி ஆள். பூட்டிய அறைக்குள் ஒரு பிணம். பூட்டு அவர் கையால் செய்தது. சாவி இரண்டே இரண்டு. ஒன்று பிணத்தின் சட்டைப்பையில், இன்னொன்று அவர் இடுப்பில். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இதைத்தானே முதல் பத்தியில் எழுத வேண்டும்! கடிதத்தில் முடிவு வேண்டாம், அது சுருக்கத்தின் வேலை. ஆனால் யாருக்கு என்ன நெருக்கடி என்பது தெரிந்துவிட வேண்டும்.

அப்புறம், எந்த வகை மர்மம் என்று சொல்லுங்கள். போலீஸ் விசாரணையா, ரத்தம் அதிகம் சிந்தாத ஊர்க்கதையா, உளவியல் த்ரில்லரா? உங்கள் நாவல் இதைப் போன்றது என்று கடிதத்தில் ஒப்பிட்டுக் காட்டும் புத்தகங்கள் கடந்த நாலைந்து வருடத்தில் வந்தவையாக இருக்கட்டும். முதல் நாவல் எழுபதாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரம் சொற்களுக்குள் இருந்தால் நல்லது. ஒன்றரை லட்சம் என்று பார்த்ததுமே பலர் மூடிவைத்துவிடுவார்கள். மாதிரிக்கு அமெரிக்காவில் பலர் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கம் கேட்பார்கள், பிரிட்டனில் மூன்று அத்தியாயம். ஆளுக்கு ஆள் மாறும், அவரவர் தளத்தில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

பதினெட்டுப் பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். ஏழெட்டுப் பேருக்கு அனுப்பிக் காத்திருங்கள். யாருமே முழு நாவலைக் கேட்கவில்லை என்றால் முதலில் கடிதத்தையும் ஆரம்பப் பக்கங்களையும் சந்தேகப்படுங்கள். கேட்டு வாங்கிப் படித்தபின் வரிசையாக மறுத்தால் நாவலிலேயே கை வைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது பணம் பற்றியது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு அமெரிக்க ஏஜென்ட் ஒருவரின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. நாவலை வானளாவப் புகழ்ந்துவிட்டு, பதிப்பகத்துக்குக் காட்டுமுன் "மதிப்பீட்டுக் கட்டணம்" நானூறு டாலர் என்றிருந்தது. கட்டிவிட்டார். அடுத்து எடிட்டிங்குக்குப் பணம் கேட்டார்கள், அதற்கடுத்து புத்தகத்துக்கு டிரெய்லர் எடுக்க. மூன்றாவது தடவைதான் என்னிடம் காட்டினார். பெயர் நிஜமான ஏஜென்ட்டுடையது. முகவரியோ யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச ஜிமெயில். அந்த அம்மா அழுதது பணத்துக்காக இல்லை. "அந்தப் பாராட்டும் பொய்தானா?" என்றுதான் கேட்டார்.

நேர்மையான ஏஜென்ட் உங்களிடம் முன்பணம் வாங்க மாட்டார். புத்தகம் விற்ற பிறகு உள்நாட்டு விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமையில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். விற்காவிட்டால் அவருக்கும் ஒன்றும் கிடையாது. அமெரிக்க ஏஜென்ட்டுகளின் சங்கமான அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கன் லிட்டரரி ஏஜென்ட்ஸ், உறுப்பினர்கள் கைப்பிரதியைப் படித்துப் பார்க்கக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. தேடி வந்து புகழ்பவர் யாராக இருந்தாலும், அவருடைய நிறுவனத் தளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். இதுவரை எந்தப் புத்தகங்களை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றார் என்றும் கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரைட்டர் பிவேர் என்ற தளம் இத்தகைய மோசடிகளைப் பல வருடமாகப் பதிவு செய்துவருகிறது. அங்கே பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அந்தத் தம்பியைக் கடைசிப் பத்தியைத் திருப்பி எழுதச் சொன்னேன். மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. "அக்கா, யார் கொன்றான் என்று எழுதிவிட்டேன். ஏன் கொன்றான் என்று எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது." நாவலிலும் அந்தக் காரணம் இல்லை. இப்போது இருபத்தோராம் அத்தியாயத்திலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறார்.