பழைய நெட்வொர்க்கை நிறுத்தினால்: அலைக்கற்றை விதிகளும் வாடிக்கையாளரின் உரிமைகளும்

"3ஜி சேவை நிறுத்தப்படுகிறது, 4ஜி சிம்முக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்ததும், ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி இப்படி முடிவெடுக்கலாமா என்ற கேள்விதான் பலருக்கும் முதலில் எழுகிறது. எடுக்கலாம் என்பதே பதில். அதற்கான காரணம், செல்போன் சிக்னல் போய்வரும் வான் அலைகளான அலைக்கற்றை எந்த நிபந்தனையில் நிறுவனங்களின் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

அலைக்கற்றை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல. வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மக்களின் சார்பில் மத்திய அரசே அலைக்கற்றையின் உரிமையாளர் என்று 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் தன் 4ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. நாட்டை 22 தொலைத்தொடர்பு வட்டங்களாக, அதாவது சேவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியாக அரசு ஏலம் விடுகிறது. ஏலத்தில் எடுத்த நிறுவனத்துக்குக் கிடைப்பது 20 ஆண்டுகளுக்கான பயன்பாட்டு உரிமை மட்டுமே. குத்தகை நிலம் என்று கொண்டால் எளிதில் விளங்கும். நிலம் அரசுடையது, என்ன பயிர் வைப்பது என்பது குத்தகைதாரரின் முடிவு.

அந்தப் "பயிர்" உரிமை எப்போதும் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. 2ஜி உரிமங்களோடு சேர்த்து அலைக்கற்றை ஒதுக்கப்பட்ட காலத்தில், அது அந்தச் சேவைக்கென்றே தரப்பட்டது. 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு நடந்த ஏலங்களில்தான், எடுத்த அலைக்கற்றையில் எந்தத் தொழில்நுட்பத்தை வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற நிபந்தனை வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. போதிய காரணமின்றிப் பயன்படுத்தாமல் கிடக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெறும் அதிகாரத்தையும் அரசுக்குத் தருகிறது. இந்தப் பிரிவுகள் 2024 ஜூலை 5 முதல் நடைமுறையில் உள்ளன. ஆனால் 2ஜியை அல்லது 3ஜியை இத்தனை ஆண்டுகள் இயக்கியே ஆக வேண்டும் என்று ஏல நிபந்தனைகள் எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்துவதில்லை.

நிறுத்துவதற்கு நிறுவனங்கள் ஏன் முனைகின்றன என்றால், முதற்காரணம் விலை. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் மட்டும் அலைக்கற்றை 1,50,173 கோடி ரூபாய்க்குப் போனது. புதிதாக வாங்குவதைவிட, கையில் இருப்பதைப் பழைய சேவையிலிருந்து விடுவித்துப் புதிய சேவைக்குத் திருப்புவது மலிவு. இதில் 3ஜிக்கு ஒரு சங்கடம் உண்டு. 2ஜியின் ஓர் அலைவரிசைக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். 3ஜிக்கோ போவதற்கு 5, வருவதற்கு 5 என்று மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இடம் வேண்டும், அதைப் பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பத்தாயிரம் பேர் பயன்படுத்தினாலும் அதே அளவுதான். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடிய 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு நிறுவனத்திடம் கொஞ்சமே இருந்தால், அதில் 3ஜியையும் 4ஜியையும் சேர்த்து இயக்க இடமிருக்காது. ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் 3ஜியை நிறுத்தி, அந்த இடத்தை 4ஜிக்குத் திருப்பியது இதனால்தான். பின்னால் வந்த 3ஜி முதலில் போக, முன்னால் வந்த 2ஜி இன்னும் நிற்பதற்கும் இதுவே விளக்கம்: அது சிறு இடுக்கிலும் அடங்கிக்கொள்ளும், பட்டன் போன் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதையே நம்பியிருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவிடம் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. இவ்விரண்டையும் முழுவதுமாக மூடக் கொள்கை வகுக்க வேண்டும் என்று அது 2024இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் கேட்டது.

உங்கள் போன் பழைய நெட்வொர்க்கை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது திரையின் மேல்மூலையில் 4ஜி என்று காட்டும் போனிலிருந்து யாரையாவது அழையுங்கள். அழைப்பு போகும்போது அந்த 4ஜி மறைந்து 'ஈ' அல்லது 'எச்' என்ற ஆங்கில எழுத்து வந்தால், இணையம் 4ஜியில் வந்தாலும் உங்கள் பேச்சு 2ஜியிலோ 3ஜியிலோதான் போகிறது. அந்தப் போனில் 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்இ (VoLTE) வசதி இல்லை, அல்லது அமைப்புகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய நெட்வொர்க் நின்றுவிட்டால் அந்த நிலையில் அதிலிருந்து பேச முடியாது.

போனை மட்டும் பார்த்தால் போதாது. தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்த உதவும் மொபைல் ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் இருக்கிறது. கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரத்திலும், வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவியிலும் இருக்கிறது. இவற்றில் பல 2ஜியில் மட்டும் இயங்குபவை. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது வரப்பில் நடந்து போக வேண்டாம் என்பதற்காகவே ஸ்டார்ட்டர் வாங்கிய விவசாயிக்கு, 2ஜி என்பது கைவிடப்பட வேண்டிய பழைய சரக்கு அல்ல. இப்போது புதிதாக வாங்குபவர்கள் 4ஜி சிம்மில் இயங்குமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இனி உரிமைகள். சட்டம் உங்கள் எண்ணைப் பாதுகாக்கிறது, கையிலுள்ள கருவியைப் பாதுகாக்கவில்லை. கருவியை மாற்றும் செலவு முழுவதும் வாடிக்கையாளரின் தலையில் விழுவது நியாயமல்ல என்றே நான் கருதுகிறேன். நிறுவனம் எந்தச் சேவையைத் தந்தாலும் எண்ணை வைத்துக்கொண்டு விலகும் உரிமை மட்டும் உறுதியாக இருக்கிறது.

போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாட்களில் எண் மாறிவிடும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. பிரீபெய்டில் மீதமுள்ள தொகை புதிய நிறுவனத்துக்கு உங்களோடு வராது. தொலைந்ததாலோ பழுதானதாலோ சிம்மை மாற்றியவர்களுக்கு, மாற்றிய 7 நாட்களுக்குள் இந்தக் குறியீடு கிடைக்காது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் உள்ளது. சிம் மாற்றியதும் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. வங்கி ஓடிபி தேவைப்படும் நாளில் மாற்றாதீர்கள்.

நிறுவனமே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து விலகினால், அரசுக்கு 60 நாளும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 30 நாளும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது உரிம நிபந்தனை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் இல்லாமல் தமிழ்நாட்டில் மக்கள் தவித்தபோது இந்த ஒழுங்கெல்லாம் எவ்வளவு அவசியம் என்பது தெரிந்தது. போர்ட் குறியீடுகள் அந்த ஆண்டு ஏப்ரல் 15 வரை செல்லும்படி டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது.

மாறுவதற்கு முன், உங்கள் ஊரில் யாருடைய 4ஜி கிடைக்கிறது என்று பாருங்கள். எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை உள்ளது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராயின் 2024ஆம் ஆண்டு தர விதிமுறைகள் கட்டாயமாக்கியுள்ளன. பட்டன் போனில் பேசுவதோடு சரி என்பவர்கள் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது.

குறை இருந்தால் 198க்கு அழைத்துப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தியாக இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அவர்கள் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காதவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.